சேலம் ஸ்னூக்கர் பார்லர்ல 84 பிரேக் அடிக்கற பையன் ப்ரொஃபஷனல் ஆக முடியுமா

செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறை வெச்சிருக்கற ஒரு அண்ணா கேட்டிருக்காரு. பையனுக்கு 17 வயசு, ப்ளஸ் டூ முடிக்கப் போறான், மூணு வருஷமா ஸ்னூக்கர் ஆடறான், பெரிய பிரேக் (நடுவுல விடாம ஒரே மூச்சுல எடுத்த பாயிண்ட்) 84, அஞ்சு ரோடு பக்கம் அவன் போற பார்லர்ல அவன அடிக்க ஆளே இல்லையாம். இப்ப காலேஜ் வேணாம், நேரா ப்ரொஃபஷனல் ஆகப்போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான், 2025ல ஒரு அமெச்சூர்தான உலக சாம்பியன் ஆனாருன்னு வேற சொல்றானாம். அண்ணா கேக்கறது மூணே மூணு: இதெல்லாம் நடக்குமா, எவ்வளவு காசு ஆகும், 80 ஆயிரத்துக்கு ஒரு க்யூ, அதான் ஆடற குச்சி, கேக்கறான் வாங்கித் தரலாமா.

நான் யாருன்னு சொல்லிடறேன். ஒரு காலத்துல ஸ்டேட் வரைக்கும் போய் ஆடிட்டு அதுக்கு மேல ஏற முடியாம நின்னுட்டவன், அப்புறம் இருவது வருஷத்துக்கு மேல டேபிளுக்குத் துணி மாத்தற வேலைதான், சேலம், ஈரோடு, நாமக்கல், மேல ஏற்காடு எஸ்டேட்டுங்க வரைக்கும் போறேன். டேபிளுக்கு மேல குனிஞ்ச நேரத்தவிட டேபிளுக்கு அடியில மல்லாந்து படுத்த நேரம்தான் எனக்கு ஜாஸ்தி, அதனால நான் சொல்றதுல பாதி அடியில இருந்து பாத்த விஷயமா இருக்கும், கோச்சுக்காதீங்க.

முதல்ல அந்த 2025 கதை. தம்பி சொல்றது சாவோ ஷின்டாங். அவரு அமெச்சூரா வந்து இங்கிலாந்துல ஷெஃபீல்ட்ல க்ரூசிபிள் அரங்கத்துல மார்க் வில்லியம்ஸ 18க்கு 12னு அடிச்சு 5 லட்சம் பவுண்ட் வாங்கினது உண்மை. ஆனா அந்த மனுஷன் 2021லயே யூகே சாம்பியன்ஷிப் ஜெயிச்சவரு, அப்புறம் ஒரு மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்துல 20 மாசம் தடை வாங்கினாரு, டூர் கார்டு, அதாவது ப்ரொஃபஷனலா ஆடற லைசென்ஸ், போச்சு, திரும்பி வரும்போது கைல கார்டு இல்ல, அதனாலதான் பேருக்கு அமெச்சூர். க்யூ டூர்னு கார்டு இல்லாதவங்க ஆடற போட்டிங்கள்ல வரிசையா ஜெயிச்சாரு, உலக சாம்பியன்ஷிப்புக்கு நாலு குவாலிஃபயிங் மேட்ச் ஆடி உள்ள வந்தாரு. அவரையும் நம்ம அஞ்சு ரோடு பையனையும் ஒரே வார்த்தைல அமெச்சூர்னு சொல்றோம்ங்கறத தவிர ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லைங்க.

ஆனா தம்பிக்கே தெரியாம அதுல ஒரு சரியான விஷயம் இருக்கு. ஸ்னூக்கர்ல ப்ரொஃபஷனல்ங்கறது பட்டம் மாதிரி ஒரு தடவ வாங்கி மாட்டி வெச்சுக்கறது இல்ல, ரெண்டு வருஷ லைசென்ஸ், அவ்வளவுதான். வேர்ல்டு ஸ்னூக்கர் டூர்ல மொத்தமே 128 பேர் அளவுக்குத்தான் இடம். கார்டு கெடச்சா ரெண்டு சீசன் ஆடலாம். ரேங்கிங்குங்கறது ரெண்டு வருஷத்துல ஜெயிச்ச பவுண்டோட கூட்டல் கணக்கு, வேற சூத்திரம் எதுவும் கெடயாது. புதுசா வர்றவன் பூஜ்யத்துல ஆரம்பிப்பான், அவனுக்கு முன்னாடி நிக்கறவங்க எல்லாம் மூட்டையோட நிப்பாங்க. ரெண்டு வருஷம் முடியும்போது முதல் 64க்குள்ள இருந்தா தொடரலாம், இல்லைன்னா பெரும்பாலும் திரும்ப வாசல்ல வந்து நிக்கணும். பத்து வருஷம் ப்ரொஃபஷனலா இருந்தவங்களே அப்படி நின்னிருக்காங்க.

வாசல்னு சொன்னேன்ல, அது என்னென்னன்னா, பெரிய வாசல் க்யூ ஸ்கூல், வருஷா வருஷம் உலக சாம்பியன்ஷிப் முடிஞ்ச கையோட நடக்கும், பேர்ல ஸ்கூல் இருக்கே தவிர யாரும் பாடம் நடத்த மாட்டாங்க, காசு கட்டிட்டு உள்ள போய் நாக்அவுட் ஆடணும், ஏழு ஃப்ரேம்ல (ஃப்ரேம்னா ஒரு ஆட்டம்) நாலு எடுத்தவன் மேல, நாலு விட்டவன் பெட்டியக் கட்டணும். முந்தி இதுக்கு இங்கிலாந்துதான் போகணும், 2022ல இருந்து ஆசியா ஓசியானியாக்குன்னு தனியா பாங்காக்ல வெக்கறாங்க, நம்ம ஆளுங்களுக்கு இது பெரிய உதவி. நம்ம இந்திய ஆட்டக்காரர் இஷ்ப்ரீத் சிங் சட்டா 2023ல அந்த வழியா தான் டூருக்குள்ள போனாரு. அது போக ஐபிஎஸ்எஃப்ங்கற சர்வதேச சம்மேளனத்தோட உலக சாம்பியன்ஷிப், ஆசிய சாம்பியன்ஷிப் மாதிரி அமெச்சூர் போட்டிங்கள ஜெயிச்சாலும் கார்டு வரும், க்யூ டூர் வழியா வரும், பொண்ணுங்களுக்கு உலக மகளிர் டூர் வழியாவும் வரும். எந்த வழில எத்தன கார்டுங்கறது சீசனுக்கு சீசன் மாத்திட்டே இருப்பாங்க, அத இப்பவே மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

இப்ப நிஜமான விஷயத்துக்கு வரேன். 84.

அண்ணா, நான் துணி மாத்தப் போற பார்லர்ல பாதி ஓனருங்க என்கிட்ட மெதுவா கூப்பிட்டு ஒண்ணு சொல்லுவாங்க, "பாக்கெட் வாயக் கொஞ்சம் தாராளமா விட்டுருங்க, கஸ்டமர் பாவம், பால் விழுந்தாதான் அடுத்த மணி நேரமும் ஆடுவான்". வியாபாரம்னு பாத்தா அவங்க சொல்றது நியாயந்தான், மணிக்கு இத்தனைன்னு வாடகை வாங்கறவங்க. ஆனா டூர் டேபிள்ல பாக்கெட் வாய்க்கு டெம்ப்ளேட் வெச்சு அளந்து பாப்பாங்க. நம்ம பார்லர்ல வாய்ல இடிச்சு தள்ளாடி உள்ள விழற பால் அங்க இடிச்சு வெளிய வந்து நிக்கும், நீங்க போய் உக்காரணும், எதிராளி எழுந்து வருவான். தம்பியோட 84ல எத்தன பாயிண்ட் அவனுது, எத்தன பாயிண்ட் பாக்கெட்டோடதுன்னு அந்த டேபிள நேர்ல பாக்காம நான் சொல்ல முடியாது.

அடுத்தது துணி. ஸ்னூக்கர் துணி கம்பளி, ஒரு பக்கமா மயிர் படிஞ்சிருக்கும், பால்க், அதாவது ஆட்டம் ஆரம்பிக்கற பக்கத்துல இருந்து கருப்பு பால் பக்கமா. பார்லர்ல நாலஞ்சு வருஷம் ஒரே துணில ஓட்டுவாங்க, டீ கொட்டியிருக்கும், சாக் பொடி ஏறியிருக்கும், நடுவுல ரெண்டு இடத்துல ஒட்டுப் போட்டிருக்கும், அதுல பால் ஓடணும்னா ஓங்கி அடிக்கணும். போட்டி டேபிள்ல துணி சன்னமா இருக்கும், புதுசா இருக்கும், தினம் பிரஷ் போட்டு அயர்ன் பண்ணுவாங்க, அங்க நம்ம பழக்கத்துல அடிச்சா வெள்ளை பால் ஓடிக்கிட்டே இருக்கும். நான் முதல் தடவ சென்னைக்கு ஸ்டேட் ஆடப் போனப்போ இதான் ஆச்சு. இங்க 70, 75னு அடிச்சுட்டு இருந்தவன், அங்க முதல் ஃப்ரேம்ல முதல் சிவப்ப அழகா போட்டேன், வெள்ளை கருப்புக்கு நிக்கணும், அது என்னடான்னா குஷன்ல பட்டு, இன்னொரு குஷன்ல பட்டு, ஊர்வலம் போய்ட்டு மஞ்சளுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுகிச்சு. எதிர்ல ஆடினவரு சிரிக்கக்கூட இல்ல. ஒரு ஃப்ரேம் கூட எடுக்காம அன்னிக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல திரும்பி வந்தேன். என் கை கெட்டுப் போச்சுன்னு ஆறு மாசம் நெனச்சுகிட்டு இருந்தேன், கை நல்லாத்தான் இருந்துச்சு, நான் ஒரே ஒரு டேபிளுக்கு மட்டும் ஆடத் தெரிஞ்சவனா இருந்திருக்கேன்.

இதுக்கு நேர் எதிர் ஏற்காடு. மேல ஒரு எஸ்டேட் பங்களால பழைய டேபிள் ஒண்ணு இருக்கு, துணிக்கு அடியில இருக்கற ஸ்லேட் கல்லு அவ்வளவு அருமையான ஸ்லேட், அஞ்சு துண்டும் இன்னிக்கும் நூல் புடிச்ச மாதிரி நிக்கும், ஆனா ஐப்பசி கார்த்திகைல பனி ஜன்னல் வழியா உள்ளயே வந்துரும், துணி ஈரத்தக் குடிச்சுட்டு பால் சேத்துல உருள்ற மாதிரி உருளும். வெளிநாட்டுல போட்டி டேபிளுக்கு ஸ்லேட்டுக்கு அடியில ஹீட்டர் வெச்சிருப்பாங்க, இங்க நான் குண்டு பல்பு நாலு கட்டி விட்டேன், ஓரளவுக்கு வேலை செஞ்சுச்சு. என்னோட பழக்கம் என்னன்னா, கீழ நல்லா ஆடற பசங்க யாராச்சும் இருந்தா வேலைக்கு போறப்ப கூட்டிட்டுப் போவேன், இருவது கொண்டை ஊசி ஏறி தல சுத்தலோட வந்து இறங்குவானுங்க, அந்த டேபிள்ல போய் ஆடுடான்னு விடுவேன். சேலத்துல 60 அடிக்கறவன் அங்க 15 தாண்ட மாட்டான். எரிச்சல்ல க்யூவ வெச்சுட்டு வெளிய போட்டோ எடுக்கப் போயிடுவான். ஒருத்தன் மட்டும் போகாம அடிச்சு அடிச்சுப் பாத்து சாயங்காலத்துக்குள்ள அந்த டேபிளோட வேகத்தப் புடிச்சான். அவன் இன்னிக்கு ஸ்டேட் டீம் பக்கம் சுத்திட்டு இருக்கான், போட்டோ எடுக்கப் போனவங்க எல்லாம் நல்ல வேலைல செட்டில் ஆயிட்டாங்க. ரெண்டும் நல்லதுதான்.

அதனால தம்பிய அளக்கணும்னா பெரிய பிரேக் எவ்வளவுன்னு கேக்காதீங்க. அவன் ஆடாத ஒரு டேபிளுக்குக் கூட்டிட்டுப் போங்க, வாய் சின்னதா இருக்கற டேபிளா இருக்கணும். நீல பால அதோட இடத்துல வெச்சு, பால்க் பக்கத்து குறுக்குக் கோட்டுல நீலமும் மூலைப் பாக்கெட்டும் நேரா வர்ற இடத்துல வெள்ளைய வெச்சு, அந்த மூலைப் பாக்கெட்டுக்கு 20 தடவ அடிக்கச் சொல்லுங்க. 15, 16 விழுந்தா கை நேரா போகுதுன்னு அர்த்தம். அப்புறம் லைன் அப், சிவப்ப எல்லாம் நடுவுல வரிசையா வெச்சு சிவப்பு கலர் சிவப்பு கலர்னு எடுக்கறது, பத்து தடவ ஆடினா ஒரு தடவையாவது 100 தாண்டறானா பாருங்க. இது என் சொந்த அளவுகோல், வேற ஆளு வேற சொல்லலாம். இதவிட முக்கியமானது ஒண்ணு, சேஃப்டி, அதாவது பால போடாம எதிராளிக்கு அடிக்க வழி இல்லாம வெள்ளைய ஒளிச்சு வெக்கற ஆட்டம், அத ஆடும்போது அவன் முகத்தப் பாருங்க. பார்லர்ல ஜெயிக்கற பசங்களுக்கு சேஃப்டின்னா தண்டனை மாதிரி, ரெண்டு தடவ தள்ளுவான், மூணாவது தடவ பொறுமை இல்லாம தூரத்துல இருக்கற பாலப் போடப் பாத்து அடிச்சு விட்டுருவான். பெரிய ஆட்டத்துல அந்த மூணாவது தடவைக்காகத்தான் எதிராளி காத்துட்டு இருப்பான். உங்க பட்டறைல பத்தவைக்கற வேலைக்கு அவசரக்காரன உக்கார வெப்பீங்களா, அதே கதைதான்.

இன்னொண்ணு, அவன அடிக்க ஆளே இல்லைங்கறது சந்தோஷமா சொல்ற சேதி இல்லைங்க. தினம் ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வர்ற பையன் ஒண்ணும் புதுசா கத்துக்கறதில்ல. டிங் ஜுன்ஹுய் 2003ல 16 வயசுல சீனாவ விட்டு இங்கிலாந்து போனாரு, 18 வயசுல 2005ல சைனா ஓப்பன், அதே வருஷம் யூகே சாம்பியன்ஷிப். நீல் ராபர்ட்சன் ஆஸ்திரேலியால இருந்து 500 பவுண்டோட கேம்பிரிட்ஜ்ல போய் இறங்கினேன்னு சொல்லியிருக்காரு, பின்னாடி 2010ல உலக சாம்பியன். இவங்க ரெண்டு பேரும் அவ்வளவு தூரம் போனது தினமும் தன்னவிட நல்லா ஆடறவங்ககிட்ட தோக்கறதுக்குத்தான்.

சேலத்துல இருந்து அதுக்கு இங்கிலாந்து போக வேண்டியதில்ல, இப்போதைக்கு பெங்களூர் போதும். எல்லாரும் சென்னைனு யோசிப்பாங்க, சென்னை 340 கிலோமீட்டர், பெங்களூர் 200தான், தொப்பூர் தாண்டிட்டா தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்னு நேர் ரோடு. அங்க கர்நாடக பில்லியர்ட்ஸ் சங்கம் இருக்கு, கேஎஸ்பிஏ, உலக சாம்பியன் பங்கஜ் அத்வானி வளர்ந்த ஊரு, சனி ஞாயிறு போனாலே நல்ல நல்ல ஆளுங்க கெடைப்பாங்க. ஆனா பதிவு, செலக்‌ஷன் எல்லாம் தமிழ்நாடு சங்கம் வழியாத்தான் வரும், அதுக்கு சென்னைதான். ஸ்டேட் ஜூனியர்ல நல்லா ஆடினா நேஷனல், நேஷனல்ல மேல வந்தா இந்தியா டீம் செலக்‌ஷன், அப்புறம்தான் ஐபிஎஸ்எஃப், ஆசியா எல்லாம். ஜூனியர்ங்கறது 21 வயசு வரைக்கும். தம்பிக்கு 17, அதாவது இன்னும் நாலு வருஷம் கைல இருக்கு, நாளைக்கே காலேஜ விடணும்ங்கற அவசரம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியல.

சங்கத்து வழில போய் நேஷனல் வரைக்கும் வந்துட்டா அப்புறம் ஒரு பிரிவு வரும், அத இப்பவே நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும். இந்தியால நல்ல அமெச்சூரா இருக்கறவங்களுக்கு பெட்ரோலியம் கம்பெனிங்கள்ல விளையாட்டு வேலை கெடைக்கும், அத்வானியே ஓஎன்ஜிசி தான். சம்பளம் வரும், போட்டிக்கு லீவு வரும், அம்மா சமையல் கெடைக்கும். கார்டு வாங்கி டூருக்குப் போனா இதெல்லாம் விட்டுட்டு குளிர்ல ஒரு ரூம்ல இருந்துகிட்டு, வாரா வாரம் பஸ் ரயில் ஏறி, முதல் ரவுண்டுல தோத்துட்டு திரும்பி வரணும். அத்வானி 2003லயே உலக அமெச்சூர் சாம்பியன், ஆனா டூருக்குப் போனது 2012ல, ரெண்டு சீசன் ஆடினாரு, 2013 வெல்ஷ் ஓப்பன்ல கால் இறுதி, ரேங்கிங் போட்டில அந்த இடத்துக்குப் போன முதல் இந்தியர், அதோட 2014ல கார்ட விட்டுட்டு வந்துட்டாரு. வந்து அடுத்த வருஷமே திரும்ப உலக அமெச்சூர் பட்டம், 2017ல இன்னொண்ணு. அவரால முடியாம வந்தாருன்னு நான் நெனைக்கல, பில்லியர்ட்ஸும் ஆடணும், வீட்டுலயும் இருக்கணும்னு நெனச்ச மனுஷன் எடுத்த முடிவு. ஆதித்யா மேத்தா வேற மாதிரி, அங்கயே கெடந்து போராடினாரு, 2013ல டெல்லில இந்தியன் ஓப்பன் ஃபைனல் வரைக்கும் போனாரு, டிங் 5க்கு 0ன்னு அடிச்சுட்டாரு. ரேங்கிங் ஃபைனல் ஆடின முதல் இந்தியர் அவருதான்.

செலவு. டூர்ல ஆடறவங்களுக்கு 2022-23 சீசன்ல இருந்து வருஷத்துக்கு 20,000 பவுண்ட் உத்தரவாதம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பரிசுல ஜெயிக்கற காசு அதுல கழிஞ்சுடும். பவுண்ட் நூறு ரூபாய்க்கு மேல போகுது, அப்ப 20 லட்சத்துக்கு மேலன்னு கேக்க பெரிசா இருக்கும், ஆனா அங்க ரூம் வாடகை, ப்ராக்டீஸ் டேபிள் வாடகை, சீனாவுக்கு டிக்கெட், ஹோட்டல், சாப்பாடுன்னு அதுலயே போட்டுப் பாருங்க, வருஷக் கடைசில கைல நிக்கறது ஒண்ணும் இருக்காது. ஆனா அது எல்லாம் கார்டு வந்த பிறகு வர்ற கவலை. இப்போதைக்கு உங்களுக்கு ஆகறது பெங்களூர் பஸ், சனிக்கிழம ராத்திரி தங்கறது, டேபிள் வாடகை, ஸ்டேட் போட்டிக்குப் போக வர செலவு, இதுதான். மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகைய எடுத்து வெச்சுட்டு அதுக்குள்ள நிறுத்திக்கோங்க. வீட்டுல டேபிள் வாங்கிப் போடறேன்னு மட்டும் எறங்கிடாதீங்க, ஒரு டன்னுக்கு மேல எடை, 12 அடிக்கு 6 அடி, சுத்தி க்யூ வீச இடம் விடணும், பட்டறைய காலி பண்ணாத்தான் முடியும், வாங்கினாலும் தனியா ஆடிட்டு இருப்பான்.

நடுவுல ஒண்ணு சொல்லணும், எழுதவா வேணாமான்னு யோசிச்சேன். பார்லர்ல நல்லா ஆடற பையன்னா காசு மேட்ச் தேடி வரும். ஃப்ரேமுக்கு 500, 1000னு ஆரம்பிக்கும், பின்னாடி நிக்கறவங்க தனியா பெட் கட்டுவாங்க, ஒரு நாள் யாராச்சும் ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்து இந்த ஒரு ஃப்ரேம் மட்டும் விட்டுடு தம்பின்னு சொல்லுவாரு. நான் ஆடின காலத்துல என்கிட்டயும் சொல்லியிருக்காங்க. 2023ல பத்து சீன ஆட்டக்காரங்களுக்குத் தடை போட்டாங்க, அதுல ரெண்டு பேருக்கு ஆயுளுக்கும், சாவோவோட 20 மாசம் கூட அந்தக் கேஸ்தான். பையன்கிட்ட இத நேரா பேசிடுங்க. தட்டுவடை செட்டுக்கு ஆடறது வேற, எங்க காலத்துல தோத்தவன் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தரணும், அதுலயே பாதி பேருக்கு வயிறு கெட்டுச்சு.

உங்க சின்னப் பொண்ணும் அண்ணன் கூட வந்து ஆடுவான்னு கேள்வியோட கடைசில ஒரு வரி போட்டிருந்தீங்க, அத யாரும் கவனிக்கல, நான் கவனிச்சேன். சென்னைப் பொண்ணு அனுபமா ராமச்சந்திரன் 2025ல தோஹால ஐபிஎஸ்எஃப் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டம் ஜெயிச்சுது, ஃபைனல்ல எதிர்ல ஆடினது ஹாங்காங்கோட என்ஜி ஆன் யீ, சாதாரண ஆள் இல்ல. இந்த ஆட்டமே 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்ங்கற ஒரு ராணுவ அதிகாரி கைல பொறந்து, நம்ம ஊட்டி கிளப்புலதான் விதி எழுதி சுவத்துல மாட்டினாங்க, நூத்தம்பது வருஷம் ஆச்சு, ஆனா நம்ம பார்லருங்கள்ல இன்னிக்கும் பொண்ணுங்க வந்து ஆடற மாதிரி சூழல் இல்ல, சிகரெட் வாடையும் கெட்ட வார்த்தையும்தான். பையன கூட்டிட்டுப் போற அதே பெங்களூர் பஸ்ல பாப்பாவையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போய்ப் பாருங்க, யாருக்குக் கை நேரா போகுதுன்னு போனாத்தான் தெரியும்.

கடைசியா க்யூ. 80 ஆயிரம் வேணாம். பழகின க்யூவ இந்த வயசுல மாத்தினா திரும்ப கை படியறதுக்கே மாசக்கணக்கு ஆகும், இப்ப வெச்சிருக்கறது நேரா இருந்தா, அதாவது சமமான தரைல உருட்டிப் பாத்து தூக்கித் தூக்கி விழாம ஓடினா, அதுவே போதும். க்யூ நுனில ஒட்டற டிப்ப மாத்துங்க, நல்ல டிப் ஒண்ணு சில நூறு ரூபாய்தான், ஆனா பார்லர்ல வேலை பாக்கற மார்க்கர்கிட்ட குடுத்து ஒட்டாதீங்க, அவங்க ஃபெவிக்விக் ஊத்தி டிப்புக்குக் கீழ இருக்கற வளையம், ஃபெரூலையே நாசம் பண்ணுவாங்க, என்கிட்ட இல்ல பெங்களூர்ல யார்கிட்டயாச்சும் ஒட்டிக்கோங்க. பாக்கி காசுல ஒரு கெட்டியான க்யூ கேஸ் வாங்குங்க, பஸ்ல போகும்போது மேல கேரியர்ல போட வேணாம், வெயில்ல தகரம் சுட்டு மரம் வளைஞ்சுரும், மடில குறுக்கால வெச்சுக்கச் சொல்லுங்க, பக்கத்து சீட்டுக்காரர் திட்டுவாரு, திட்டட்டும்.